லூனாவும் நிலாவும் ஒரே பெயரா?

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் கைக்குழந்தை ஆடைகள் தைக்கிறேன். ஜபலா, ரோம்பர், பாபா சூட் எல்லாம் 2021 முதல் 'லூனா' என்ற பெயரில் போகின்றன. லேபிளில் பெயருக்கு மேலே ஒரு பிறை நிலா படம் உண்டு. அந்த லேபிளை அப்படியே டிரேட்மார்க் பதிவுக்குக் கொடுத்தேன், டிரேட்மார்க் ஜர்னலிலும் வந்துவிட்டது. இப்போது சென்னையில் 'நிலா' என்ற பெயரில் குழந்தை ஆடை விற்கும் நிறுவனம் எதிர்ப்பு மனு போட்டிருக்கிறது. கூடவே வக்கீல் நோட்டீசும் வந்திருக்கிறது: "லூனா என்றால் லத்தீனிலும் ஸ்பானிஷிலும் நிலா. எங்கள் பெயரையே மொழிமாற்றி வைத்திருக்கிறீர்கள். 15 நாளில் நிறுத்தாவிட்டால் சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுப்போம்." அவர்கள் 2014இலேயே பதிவு செய்தவர்கள். ஒரு அர்த்தத்தை எல்லா மொழியிலும் ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா? பேசாமல் ஏதாவது ஜப்பானியச் சொல்லுக்கு மாறிவிடலாமா? அமெரிக்காவில் ஒருவர் இதே பெயரில் சரக்குக் கேட்கிறார். அடுத்து 'அல்கோடோன்' என்று ஒரு வரிசை தொடங்க நினைத்தேன். ஸ்பானிஷில் பருத்தி என்று பொருள். அதையாவது தைரியமாகச் செய்யலாமா? (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நோட்டீசில் உள்ள 15 நாளைவிட உங்களுக்கு முக்கியமான கெடு வேறொன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு மனுவின் நகல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் எதிருரை, அதாவது எதிர்ப்புக்கு உங்கள் பதில் மனு, தாக்கல் செய்ய வேண்டும். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 21(2) சொல்வது இது. இந்தக் கெடுவை நீட்டிக் கேட்க வழியில்லை. ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். படிவம் டிஎம்-ஓ, ஆன்லைன் கட்டணம் 2,700 ரூபாய். 'கிடைத்த நாள்' எது என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. டிரேட்மார்க் பதிவகத்தின் மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது, நான் பார்க்கவில்லை என்று பிறகு வாதாடுவதைவிட, மின்னஞ்சல் வந்த தேதியையே முதல் நாளாக எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்ப்பு மனுவில் தோற்றுப்போகும் சிறு உற்பத்தியாளர்களில் பலர் வாதத்தில் தோற்பதில்லை, இந்தக் கெடுவில்தான் தோற்கிறார்கள்.

நோட்டீசின் 15 நாள் என்பது அனுப்பியவர் தாமாக வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. ஆனாலும் பதில் போடாமல் விடாதீர்கள். நாளை நீதிமன்றத்தில் 'கேட்டோம், மௌனம் சாதித்தார்' என்பதே அவர்களுடைய முதல் வரியாக இருக்கும்.

இனி உங்கள் மையக் கேள்வி. ஒரு அர்த்தத்தை எல்லா மொழியிலும் ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு உரிமை இல்லை. சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: சாதாரண நினைவாற்றலோடு கடைக்கு வரும் ஒருவர், முன்பு பார்த்த அந்தப் பிராண்டு என்று நினைத்து இதை எடுத்துவிடுவாரா? அகராதி என்ன சொல்கிறது என்பது இரண்டாம்பட்சம். வாங்குபவரின் மனத்தில் என்ன பதிந்திருக்கிறது என்பதுதான் முதன்மை.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இன்றும் அடிப்படையாக நிற்கிறது. 'அமிர்ததாரா' என்ற மருந்துக்கு எதிராக 'லக்ஷ்மண்தாரா' என்ற பெயர் பதிவுக்கு வந்தது. அமிர்தத்தின் தாரை வேறு, லட்சுமணனின் தாரை வேறு, பொருளில் சம்பந்தமே இல்லை என்பது வாதம். 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்க வரும் கிராமத்துக்காரரோ நகரத்துக்காரரோ பெயரைப் பிரித்துச் சொற்பிறப்பு பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். முழுப்பெயரின் ஓசையையும் இரண்டும் ஒரே வகை மருந்து என்பதையும் வைத்தே குழம்புவார் என்றது. (நெடுங்காலம் ஆட்சேபிக்காமல் விட்ட காரணத்தால் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவை அனுமதித்தது என்பது தனிக்கதை.) அந்த வழக்கில் பொருள் வேறாக இருந்தும் பெயர் தப்பவில்லை. அதே தர்க்கத்தைத் திருப்பினால் உங்களுக்குப் பயன்படுகிறது: பொருள் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு பெயர் மாட்டிக்கொள்ளவும் கூடாது. ஜபலா வாங்க வருகிறவர் லத்தீன் அகராதியைப் புரட்டப்போவதில்லை.

ஆனால் எதிர்த்தரப்பு கையிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது; அவர்களுடைய வக்கீல் அதை நிச்சயம் எடுத்து வைப்பார். 'குளுக்கோவிட்டா', 'குளுவிட்டா' வழக்கில் (கார்ன் புராடக்ட்ஸ், 1960) உச்ச நீதிமன்றம் இரண்டு பெயர்களும் தரும் கருத்து ஒன்றே என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது: குளுக்கோஸ், வைட்டமின். கருத்தொற்றுமை பொருட்டே இல்லை என்று இதனால்தான் நான் சொல்லவில்லை. அங்கே அந்தக் கருத்தைச் சுமந்த எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்று. நடுவே ஓர் அசைதான் வித்தியாசம். காதுக்கும் கண்ணுக்கும் முன்பே ஒன்றுபோலிருந்த இரண்டு பெயர்களைக் கருத்து இன்னும் நெருக்கியது. உங்கள் இரண்டு பெயர்களுக்கும் அந்த நெருக்கம் இல்லை. லூனா, நிலா: முதலசை வேறு, உயிர் வேறு, லகரமும் னகரமும் இடம் மாறியிருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டும் நான்கெழுத்து, 'ஏ'வில் முடிகிறது என்று அவர்கள் சொல்லலாம். முதலசையைத்தான் காது முதலில் பிடிக்கும் என்பது உங்கள் பதில். 

ஓசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் நாட்டில் பிராண்டு பெயர்கள் படிக்கப்படுவதைவிடச் சொல்லிக் கேட்கப்படுவது அதிகம். 2001இல் கடிலா வழக்கில், 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடேப்' என்ற மலேரியா மருந்துகளைப் பற்றிப் பேசும்போது, ஆங்கில நாட்டுத் தீர்ப்புகளை இங்கே அப்படியே பொருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே வாங்குபவருக்குப் பெயர் எழுதப்பட்ட மொழியே தெரியாமல் இருக்கலாம்; அவருக்கு எழுத்து வித்தியாசம் தெரியாது, ஓசை மட்டுமே தெரியும். சட்டத்தின் பிரிவு 29(9) வாயால் சொல்வதையும் உரிமை மீறலாகக் கணக்கில் எடுக்கிறது. ஆகவே உங்கள் எதிருரையில், திருப்பூர் காதர்பேட்டைக் கடையில் ஒருவர் 'லூனா அரை டஜன்' என்று கேட்டால் கடைக்காரர் 'நிலா'வை எடுத்துக் கொடுப்பாரா என்ற கேள்வியை நேரடியாக வையுங்கள்.

தமிழ்நாட்டில் 'லூனா' என்றால் யாருக்கு என்ன தோன்றும் என்பதும் சான்றுக்குரிய விஷயம். நாற்பது வயது கடந்த தமிழருக்கு 1972இல் கைனடிக் கொண்டுவந்த மொபெட்தான் முதலில் நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்ட்டில் ரஷ்யாவின் லூனா-25 சந்திரனில் மோதிய செய்தியால் சிலருக்கு வான்வெளி நினைவும் வரலாம். 'ஓ, நிலா' என்று உடனே மொழிபெயர்ப்பவர் சிலர் இருப்பார்கள். ஆங்கில வழியில் படித்த பெற்றோரில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள். அதை மறுக்காதீர்கள். மொழிபெயர்க்கத் தெரிந்தவர், அதனாலேயே இது வேறு மொழிச் சொல், வேறு பிராண்டு என்பதையும் தெரிந்தவர் என்று வாதிடுங்கள். ஒரு சொல் எந்த ஊர்க் காதில் எப்படி ஒலிக்கிறது என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 'ஈநாடு' நாளிதழ், அதே பெயரில் வந்த ஊதுபத்தியை எதிர்த்த வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம், அச்சொல்லின் பொதுப்பொருளைத் தாண்டி ஆந்திரப் பிரதேச மக்களிடம் அது பெற்றிருந்த தனி அடையாளத்தை வைத்தே முடிவு செய்தது.

'நந்தினி' தீர்ப்பை உங்களுக்கு யாராவது காட்டினால் அதில் சாய்ந்துவிடாதீர்கள். 2018இல் கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' இருக்கும்போதே, உணவகம் நடத்தும் 'நந்தினி டீலக்ஸ்' பதிவு பெற உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அங்கே பாலும் உணவகமும் வேறு வேறு. நீங்கள் இருவரும் வகுப்பு 25 (டிரேட்மார்க் பதிவில் ஆடைகளுக்கான பிரிவு), அதிலும் குழந்தை ஆடை, அதே மாநிலம், அதே மொத்தக் கடைகள். சரக்கு ஒன்றாக இருக்கும்போது பெயர்களுக்கு நடுவே இன்னும் அதிக இடைவெளியை நீதிமன்றம் எதிர்பார்க்கும்.

இவ்வளவும் சொல் பற்றியது. உங்கள் உண்மையான ஆபத்து சொல்லில் இல்லை, சொல்லுக்கு மேலே இருக்கும் பிறையில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்றே அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ஏனென்றால் படம் எந்த மொழியிலும் இல்லை. பார்ப்பவர் அதைத் தன் மொழியில் வாசித்துக்கொள்வார். நூல் வியாபாரத்திலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்-ஈவிங் நிறுவனம் சிவப்புச் சாய நூலைப் பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பியது. நூல் கட்டின் லேபிளான டிக்கெட்டில் ஆங்கிலப் பெயரும் இரண்டு யானைப் படமும் இருந்தன. சந்தையில் யாரும் ஆங்கிலப் பெயரைச் சொல்லவில்லை. 'பே ஹாத்தி', அதாவது இரண்டு யானை நூல் என்றே கேட்டார்கள். ஜான்ஸ்டன் என்ற போட்டி நிறுவனமும் தன் டிக்கெட்டில் இரண்டு யானைகளைப் போட்டது. எழுத்து வேறு, யானைகளின் நிலையும் வேறு. 1882இல் மேல்முறையீட்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அதைத் தடுத்தது. ஆங்கிலம் படிக்காதவருக்கு இரண்டு டிக்கெட்டும் 'இரண்டு யானை'தான் என்பதே காரணம்.

உங்கள் லேபிளை இதே கண்ணோடு பாருங்கள். வெறும் 'லூனா' என்று இருந்தால் தமிழ் வாங்குபவருக்கு அது பொருள் தெரியாத ஓர் இனிய ஓசை. பிறையைச் சேர்த்ததும் அது 'நிலா போட்ட பாபா சூட்'. கடையில் அப்படித்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் அந்தச் சொல் இன்னொருவரின் பதிவு பெற்ற பெயர். மொழிபெயர்க்கும் வேலையை வாங்குபவர் செய்யவில்லை. நீங்களே செய்து கொடுத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பின் லேபிளிலும் நிலாப் படம் இருந்தால் உங்கள் நிலை இன்னும் பலவீனம்.

இதே தவறு விளம்பர வரிகளிலும் நுழைந்திருக்கலாம். இன்ஸ்டாகிராமில், வாட்ஸ்அப் கேட்டலாகில், ஹேங் டேக்கில், பாலிபேக்கில் 'உங்கள் குட்டி நிலாவுக்கு லூனா' என்பது போல ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் பழையதைத் தேதியோடு சேமித்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். அழித்தது தெரிந்தால் அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகும். ஆன்லைன் விற்பனைத் தளங்களில் சரக்கைப் பட்டியலிடும்போது பின்னணியில் கொடுக்கும் தேடல் சொற்களையும் பாருங்கள். பட்டியல் போட்டுக் கொடுக்கும் ஏஜென்சிகள் போட்டியாளர் பெயர்களைக் கேட்காமலே சேர்ப்பதுண்டு. அங்கே 'நிலா' இருந்தால், நீங்கள் குழப்பத்தை விரும்பினீர்கள் என்று காட்ட அவர்களுக்கு அது ஒன்றே போதும். விளம்பரத் தேடல் சொல்லாக அடுத்தவர் டிரேட்மார்க்கைப் போடுவதும் அச்சின்னத்தைப் 'பயன்படுத்துவதே' என்றும், அதனால் குழப்பம் வந்தால் உரிமை மீறல் என்றும் 2023இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, கூகுள் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் சொல்லியிருக்கிறது.

பிறையை எடுப்பதால் பதிவு விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் வரும். நீங்கள் கொடுத்தது பிறையும் சொல்லும் சேர்ந்த லேபிள். விண்ணப்பித்த சின்னத்தின் அடையாளத்தையே மாற்றும் திருத்தத்தைப் பதிவகம் ஏற்காது. ஆகவே 'லூனா' என்ற சொல்லை மட்டும் சொற்சின்னமாகப் புதிதாக டிஎம்-ஏ படிவத்தில் கொடுங்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஒரு வகுப்புக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சலுகைக் கட்டணத்துக்கு உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழை இணையுங்கள். 2021 முதல் பயன்பாடு என்று கோரினால், அதற்கான பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் விண்ணப்பத்தோடே போக வேண்டும். இன்னொன்று: இந்தி, ஆங்கிலம் அல்லாத எழுத்தில் சின்னம் இருந்தால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும் என்பது 2017 விதிகளின் 28ஆம் விதி. ஆங்கில எழுத்தில் எழுதிய லூனாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தமிழெழுத்திலும் பதிவு கேட்டால் வரும். அப்போது 'லத்தீன்/ஸ்பானிஷ் சொல், பொருள் சந்திரன்' என்று உண்மையை எழுதுங்கள். அதை மறைத்துப் பதிவு பெறுவது பிற்பாடு உங்களுக்கே தீங்கு.

புதிய விண்ணப்பம் போட்டதும் பழையதை அவசரப்பட்டுத் திரும்பப் பெறாதீர்கள். அதன் தேதி முந்தையது. சமரசப் பேச்சில் நீங்கள் விட்டுக்கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். எதிருரையை உரிய நாளில் போட்டுவிட்டு, அவர்கள் சான்று தாக்கல் செய்ய வேண்டிய அடுத்த இரண்டு மாதத்தில் பேசுங்கள்.

பேசுவதற்கு முன் அவர்களுடைய பதிவைப் படியுங்கள். பதிவகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் ஆவணங்கள் திறக்கும். பதிவு சொல்லுக்கா, படத்துக்கா, இரண்டும் சேர்ந்ததற்கா? பத்தாண்டுப் புதுப்பிப்பு நடந்திருக்கிறதா? 2014 என்றால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. சரக்குப் பட்டியலில் குழந்தை ஆடை இருக்கிறதா? எல்லாவற்றையும்விட, அவர்களுடைய விண்ணப்பத்துக்கு வந்த ஆய்வறிக்கையையும் அதற்கு அவர்கள் தந்த பதிலையும் தேடி எடுங்கள். 'சந்திரா', 'மூன்', 'சாந்த்' போன்ற பழைய பதிவுகளைப் பதிவகம் அவர்களுக்கு எதிராகக் காட்டியிருந்து, 'பொருள் ஒன்றானாலும் எங்கள் சின்னம் ஓசையில் வேறு' என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால், இன்று உங்களிடம் நேர்மாறாகப் பேசுவது எடுபடாது. இந்த ஓர் ஆவணத்தால் முடிவுக்கு வரும் தகராறுகள் உண்டு.

வகுப்பு 25இல் நிலா, மதி, பிறை, சந்திரா, மூன் என்று எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்றும் தேடுங்கள். சொல் தேடலோடு ஓசைத் தேடலும் செய்யுங்கள். பட்டியலை மட்டும் அச்சடித்து இணைப்பது போதாது. பதிவேட்டில் பெயர் இருப்பது சந்தையில் அது புழங்குவதற்குச் சான்றாகாது என்று அதே குளுக்கோவிட்டா தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பிராண்டுகளின் ஆடை, பில், இணையப் பக்கம் என்று உண்மையான விற்பனையைக் காட்டுங்கள்.

உங்கள் பக்கச் சான்றுகளில் 2021 முதல் பில், லேபிள் அச்சடித்த பில், ஜாப் ஒர்க் சலான், இ-வே பில், ஆண்டுவாரி விற்றுமுதலுக்கு ஆடிட்டர் சான்று எல்லாம் வேண்டும். திரைப்பிடிப்புகளுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63இன் சான்றிதழ் இணைக்க வேண்டும். அது இல்லாத திரைப்பிடிப்பை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். எந்த ஆவணம் காட்டினாலும் அவர்கள் உங்களுக்கு முந்தியவர்கள். முன்பயன்பாடு என்ற தற்காப்பு உங்களுக்கு இல்லை. நேர்மையாகத் தேர்ந்தெடுத்தீர்கள், நான்காண்டாக வெளிப்படையாக விற்றீர்கள், ஒரு வாடிக்கையாளரும் மாறி வாங்கியதாகப் புகார் இல்லை என்பதே உங்கள் நிலைப்பாடு.

வழக்கு வந்தால் சென்னையிலேயே வரும். பிரிவு 134 பதிவு பெற்ற உரிமையாளருக்குத் தன் தொழிலிடத்தில் வழக்குத் தொடர உரிமை தருகிறது. உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்காமல் இருக்க, பொருத்தமான நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வையுங்கள்; அது 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். கிரிமினல் மிரட்டலுக்குத் தூக்கம் கெடுக்காதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் போலீஸ் சரக்கைக் கைப்பற்ற டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தையும் பெற வேண்டும். ஆனால் தகராறு முடியும்வரை பழைய லேபிளைப் புதிதாக அச்சடிக்காதீர்கள். பிறையில்லாத நெக் லேபிளைச் சிறு ரோலாக வாங்கி ஓட்டுங்கள்.

என் மதிப்பீட்டில் இது சமரசத்துக்கு ஏற்ற வழக்கு. பிறை, நிலா, நட்சத்திரம் எதுவும் போடமாட்டேன். 'நிலா' என்ற சொல்லை எந்த விளம்பரத்திலும் பயன்படுத்தமாட்டேன். அவர்கள் நிறத்தையும் எழுத்து வடிவையும் தொடமாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, 'லூனா' என்ற சொற்சின்னத்தை எதிர்க்கமாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க ஆறு மாதமாவது கேளுங்கள்.

ஜப்பானியச் சொல்லுக்கு மாறுவது பற்றி: நிலாவுக்கு ஜப்பானியத்தில் 'சுகி' என்று வைத்து, மேலே அதே பிறையைப் போட்டால் பிரச்சினை அப்படியே கூட வரும். பிறையை எடுத்துவிட்டால் லூனாவை விட்டு ஓடவேண்டிய தேவையே குறைவு.

அமெரிக்காவுக்கு வந்தால் மேலே சொன்னதில் பாதி தலைகீழாகும். அங்கே வேற்றுமொழிச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிடும் ஒரு கோட்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அந்த மொழி தெரிந்த அமெரிக்க வாங்குபவர் நின்று மொழிபெயர்த்துப் பார்ப்பாரா என்பதே கேள்வி. நகைக்கு 'மார்ஷே நுவார்' என்று பிரெஞ்சில் பதிவு கேட்டவருக்கு, 'பிளாக் மார்க்கெட் மினரல்ஸ்' என்ற பதிவைக் காட்டி 2006இல் மறுத்தார்கள். இரண்டுக்கும் பொதுவான பகுதி 'கறுப்புச் சந்தை'. அதே பிரெஞ்சுதான் 2005இல், 'வவ் ரோயால்' என்ற பெயரை 'வவ் கிளிக்கோ' ஷாம்பெயின் நிறுவனம் எதிர்த்த வழக்கில் வேறுவிதமாக முடிந்தது. 'தி விடோ' என்பதும் அந்த நிறுவனத்தின் சின்னம். 'வவ்' என்றால் விதவை. ஆனால் ஷாம்பெயின் வாங்கும் அமெரிக்கர்களில் கணிசமானோர் அதை 'தி விடோ' என்று பெயர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஆங்கிலப் பெயரோடு 'வவ் ரோயால்' குழம்பாது என்றும், 'வவ்' என்ற சொல்லையே கொண்ட 'வவ் கிளிக்கோ'வோடு மட்டும் குழம்பும் என்றும் முடிவானது. மொழிபெயர்ப்பு விதி இயந்திரம் போல ஓடுவதில்லை. சரக்கையும் வாங்குபவரையும் பொறுத்தது.

'லூனா'வுக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம். வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேல். 'லூனா' அவர்களுக்கு அன்றாடச் சொல். குழந்தை ஆடையில் 'மூன்' என்று யாராவது பதிவு வைத்திருந்தால் அது உங்களைத் தடுக்கலாம். சென்னை நிலாவைப் பற்றி அங்கே பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டு வேற்றுமொழிச் சொற்களை ஒன்றோடொன்று பெயர்த்துப் பார்க்க அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகம் பொதுவாக முற்படுவதில்லை. அங்கே நீங்கள் தேட வேண்டியது 'லூனா', 'மூன்', ஓசையில் நெருங்கும் பிரெஞ்சின் 'லூன்' ஆகிய மூன்றையும்.

அல்கோடோனை நான் பரிந்துரைக்கமாட்டேன். குழந்தை ஆடைக்குப் 'பருத்தி' என்று பெயர் வைப்பது சரக்கை விவரிப்பதுதான். எந்த மொழியில் சொன்னாலும் விவரிப்பு விவரிப்பே. இந்தியாவில் ஸ்பானிஷ் அறிந்தோர் குறைவு என்பதால் பதிவு கிடைக்கவும் கூடும். ஐரோப்பாவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு: ஜெர்மன் மொழியில் மெத்தைகள் என்று பொருள்படும் 'மாட்ராட்சென்', மெத்தைக்கே ஸ்பெயினில் பதிவாகியிருந்தது. ஸ்பெயின் நாட்டு வாங்குபவருக்கும் வணிகருக்கும் அந்தப் பொருள் புரியாது என்றால் பதிவு நிற்கலாம் என்று 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் ஒரே பதிவு கேட்டால், ஸ்பெயினில் மட்டும் விவரிப்பாக இருந்தாலே மறுப்பு. அமெரிக்காவில் ஸ்பானிஷை நேராகப் பெயர்த்துப் பார்ப்பார்கள். பிரெஞ்சில் ஆடை என்று பொருள்படும் 'வெத்மோன்' என்ற பெயரை ஆடைக்குப் பதிவு செய்ய மறுத்ததை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதி செய்தது. ஏற்றுமதி செய்யப்போகும் சரக்குக்கு, அது போய்ச் சேரும் நாட்டில் நிற்காத பெயரில் லேபிள் பணத்தைப் போடாதீர்கள். துணியில் பாலியெஸ்டர் கலப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது வாங்குபவரை ஏமாற்றும் பெயராகிவிடும்.

அமெரிக்கப் பதிவுக்கு 2025 ஜனவரி முதல் அடிப்படைக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 350 டாலர். வெளிநாட்டு விண்ணப்பதாரர் அமெரிக்க வக்கீல் மூலமே போக வேண்டும் என்பது 2019 முதல் கட்டாயம். சொல்லின் ஆங்கிலப் பொருளை விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும். இந்தியாவில் புதிய சொற்சின்ன விண்ணப்பம் போட்ட ஆறு மாதத்துக்குள் அங்கே போட்டால் இந்தியத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கும் மாட்ரிட் முறையிலும் போகலாம்; இந்தியா 2013 ஜூலை முதல் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு முதல் ஐந்தாண்டு உங்கள் இந்திய விண்ணப்பத்தையே சார்ந்து நிற்கும். இங்கே எதிர்ப்பில் விழுந்தால் அங்கேயும் விழும். உங்கள் நிலையில் நேரடி விண்ணப்பமே மேல்.

அந்த அமெரிக்க வாங்குநரிடம் முதல் ஆர்டருக்கு முன்பே எழுத்தில் ஒரு ஷரத்து வாங்கிக்கொள்ளுங்கள்: 'லூனா' என்ற பெயரையோ அதன் எந்த மொழிபெயர்ப்பையோ அவர் தன் பெயரில் எந்த நாட்டிலும் பதிவு செய்யமாட்டார். அவர் தம் செலவில் பதிவு செய்து தருவதாகச் சொன்னாலும், விண்ணப்பதாரர் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்.